கிரகணம் பார்க்கப் போகிறவர்கள் திரும்பும் வழியை முதலில் யோசிக்க வேண்டும்

கெடா மாநிலத்தின் பீடோங் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் முழு சூரிய கிரகணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதான் பார்த்துட்டோமே" என்றுதான் முதலில் பதில் வரும். 2019 டிசம்பர் 26 பள்ளி விடுமுறைக் காலம். வாசலில் நின்று பார்த்தவர்கள் நிறைய பேர். 2016 மார்ச் 9 காலையில் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அந்த இரண்டு நாளும் கெடாவில் தெரிந்தது பகுதி கிரகணம்தான். 2019-இல் ஜோகூரின் தென்கோடியில், தஞ்சோங் பியாய் பக்கம், சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அது வளைய கிரகணம். 2016-இல் முழு மறைப்பு இந்தோனேசியாவின் பலெம்பாங், பாலிக்பாப்பான், பாலு வழியாகப் போனது. நமக்கு அதன் ஓரம் கிடைத்தது.

பகுதி கிரகணத்தையும் முழு கிரகணத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. காரணம் எளிய கணக்கு. சூரியனைச் சுற்றி கொரோனா என்ற மெல்லிய வெளி வளிமண்டலம் இருக்கிறது. அதன் ஒளி, சூரிய வட்டின் ஒளியில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சந்திரன் 99 விழுக்காடு மறைத்துவிட்டாலும் மிச்சம் இருக்கிற ஒரு விழுக்காடு கொரோனாவைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசமானது. அதனால் 99-இல் கொரோனா தெரியாது. வானம் கொஞ்சம் மங்கும், வெயில் சோர்ந்துபோகும், அவ்வளவுதான். அந்தக் கடைசித் துளியும் மூடும் நொடியில்தான் வைர மோதிரம் போன்ற ஓர் ஒளி மின்னி அணைகிறது, கொரோனா விரிகிறது, பகலில் கிரகங்கள் தெரிகின்றன, அடிவானம் நாலு பக்கமும் அந்தி நிறமாகிறது. ஆகவே "எங்கள் விடுதியிலிருந்து 98 விழுக்காடு தெரியும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்த விடுதி வேண்டாம். அதே பயணத்தை இன்னும் சில பத்து கிலோமீட்டர் நீட்டினால் கிடைக்கப்போவது வேறொரு அனுபவம்.

அந்தச் சில பத்து கிலோமீட்டருக்காகத்தான் இத்தனை பாடும். சந்திரனின் முழு நிழல் பூமியில் விழும் பட்டை பெரும்பாலும் 270 கிலோமீட்டர் அகலத்தைத் தாண்டாது. உலகத்தில் எங்காவது ஓரிடத்தில் சராசரியாக 18 மாதத்துக்கு ஒருமுறை முழு கிரகணம் வருகிறது. ஆனால் ஒரே ஊருக்கு அது மறுபடி வரச் சராசரியாக 375 வருடம் ஆகும். வீட்டு வாசலில் வரட்டும் என்று காத்திருந்தால் யாருக்கும் கிடைக்காது. போய்த்தான் பார்க்க வேண்டும்.

கெடாவுக்கு அந்த முறை 1929 மே 9 அன்று வந்தது. நிழல் சுமத்திராவைக் கடந்து, கெடா வழியாக, தாய்லாந்தின் பத்தானியைத் தொட்டு, பிலிப்பீன்ஸ் பக்கம் போனது. பிரிட்டிஷ் வானியலாளர்கள் அலோர்ஸ்டாரிலும் பத்தானியிலும் கருவிகளோடு முகாம் போட்டார்கள். சுமத்திராவின் தாக்கெங்கோனில் ஜெர்மன் குழு ஒன்று, சூரியன் அருகே நட்சத்திர ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளந்தது. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிக்கிற வேலை அது. கெடாவின் தோட்டங்களில் நம் முன்னோர்கள் இருட்டோடு எழுந்து மரம் சீவப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுதான். பீடோங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊருக்கு, உலகத்தின் மறுகோடியிலிருந்து மாதக்கணக்கில் கப்பல் ஏற்பாடு செய்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

கூட்டத்தின் வடிவம்

கூட்டம் நமக்குப் புதிதல்ல. சுங்கைப்பட்டாணி தைப்பூசம், பினாங்கு தண்ணீர்மலை, பத்துமலை எல்லாம் பார்த்தவர்கள் நாம். ஆனால் தைப்பூசக் கூட்டம் வருவதும் போவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. முதல் நாள் ராத்திரியே காவடிகள் புறப்படும். விடியற்காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். இருபத்து நான்கு மணி நேரமும் சாலை நிறைந்திருந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். கிரகணக் கூட்டத்துக்கு இந்தப் பரவல் இல்லை. வரும்போது மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். போகும்போது எல்லோரும் ஒரே ஐந்து நிமிடத்தில் கார் கதவைத் திறக்கிறார்கள். சந்திரன் விலகி முதல் ஒளி தெரிந்ததும் "முடிந்தது" என்ற எண்ணம் எல்லோருக்கும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

அமெரிக்காவின் இரண்டு கிரகணங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. வயோமிங் மாநிலத்தின் மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு. 2017 ஆகஸ்ட் 21 அன்று அங்குள்ள சாலைகளில் வழக்கத்தைவிட ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் கூடுதலாகப் பதிவாயின. 2024 ஏப்ரல் 8 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் முழு மறைப்பு முடிந்தது. அங்கிருந்து பாஸ்டனுக்கு வழக்கமாக மூன்றரை மணி நேரம். அன்றைக்குப் பலருக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது; நள்ளிரவுக்குப் பிறகும் மலைச்சாலைகளில் வரிசை நின்றது. வரும்போது இந்த நெரிசல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே மக்கள், அதே சாலை. நேரம் மட்டும் குவிந்துவிட்டது.

இது வெறும் அலுப்புச் சமாச்சாரமும் இல்லை. 2017 கிரகணத்தை ஒட்டிய மூன்று நாட்களில் அமெரிக்கச் சாலைகளில் உயிர்ப்பலி விபத்துகள் 31 விழுக்காடு அதிகரித்தன என்று பின்னாளில் ஒரு மருத்துவ ஆய்வு காட்டியது. தெரியாத சாலை, தூக்கமில்லாத ஓட்டுநர், இழந்த நேரத்தைப் பிடிக்கும் வேகம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம் நெடுஞ்சாலைகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண் வியப்பாக இருக்காது.

அதனால் கிரகணப் பயணத் திட்டத்தை எழுத உட்கார்ந்தால், முதல் வரியாக "அன்றிரவு எங்கே தூங்குகிறோம்" என்பதை எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரும்பாலோர் விமான டிக்கெட், பார்க்கும் இடம், கேமரா என்று ஆரம்பிக்கிறார்கள். திரும்பும் பயணம் கடைசியில் ஒரு மூலையில் கிடக்கும். கிரகணம் நடக்கிற அன்றே விமானம் பிடிப்பதாகவோ நீண்ட தூரம் கார் ஓட்டுவதாகவோ திட்டம் இருந்தால், அந்தத் திட்டம் பாதி உடைந்துவிட்டது என்று அர்த்தம். கிரகணத்துக்கு முதல் இரவும், அதே நாள் இரவும் நிழல் பட்டைக்குள்ளேயே ஒரே இடத்தில் தங்க முடிந்தால் கூட்டப் பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். முழு மறைப்பு முடிந்த பிறகும் சந்திரன் முழுதாக விலக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாயை விரித்துச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதையும் பார்த்து முடிக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் சாலைக்குப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஊரின் அளவும் முக்கியம். 2023 ஏப்ரல் 20 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் முனையை நிழல் தொட்டது. முழு மறைப்பு ஒரு நிமிடம்தான். பெர்த்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, மூவாயிரம் பேர் வாழும் சின்ன ஊர் அது. பீடோங்கைவிடச் சிறியது. பல்லாயிரம் பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டுத் தற்காலிக முகாம்களும் கழிப்பிடங்களும் அமைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சின்ன ஊரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் தீர்ந்தால் எல்லோருக்கும் தீர்ந்தது. கைத்தொலைபேசிக் கோபுரம் திணறினால் எல்லோருக்கும் திணறும். ஆகவே சின்ன ஊருக்குப் போகிறவர்கள் முதல் நாளே டாங்கியை நிரப்பிக்கொள்வது, வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்வது, "பிரிந்துவிட்டால் இந்த மரத்தடியில் சந்திப்போம்" என்று ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்வது எல்லாம் அடிப்படை. வயதானவர்களோடு போனால் கழிப்பிடம் எங்கே என்ற கேள்விக்குக் கிரகணத்தின் நிமிடக் கணக்கைவிட அதிக மதிப்பு உண்டு.

மேகமும் மையக்கோடும்

கூட்டத்தை நிதானத்தால் சமாளிக்கலாம். மேகத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. 2009 ஜூலை 22 அன்று பீகாரின் தரேக்னா என்ற சிற்றூர்தான் பார்ப்பதற்குச் சிறந்த இடம் என்று செய்தி பரவி, ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்தார்கள். பருவமழை மேகம் மூடியது. இருட்டு வந்தது, சூரியன் தெரியவில்லை. அதே காலையில் காசியில் இருந்தவர்களுக்கு அருமையாகத் தெரிந்தது.

இங்கேதான் உண்மையான சிக்கல். மேகத்துக்குப் பயந்தால் நகர வேண்டும். கூட்டத்துக்குப் பயந்தால் நகரக் கூடாது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? பல வருட வானிலைச் சராசரியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. ஆனால் சராசரியும் கைவிடலாம். 2024-இல் டெக்சஸ்தான் நம்பகமான வானம், வெர்மான்ட் மேகக்காடு என்று எல்லாப் புள்ளிவிவரமும் சொன்னது. அன்றைக்கு டெக்சஸின் பல பகுதிகள் மேகத்தில் சிக்கின, வெர்மான்ட் பளிச்சென்று இருந்தது. நான் சொல்வது இதுதான்: நகர்வதா வேண்டாமா என்பதைக் கிரகணத்துக்கு முந்தின நாள் மாலையோடு முடிவு செய்துவிட வேண்டும். ஒரு நாள் முன்பு எடுக்கும் வானிலைக் கணிப்பு ஓரளவு நம்பலாம். அப்போது சாலையும் காலியாக இருக்கும். காலையில் மேகத்தைப் பார்த்துப் பதறிக் காரை எடுத்தால், அதே மேகத்தைப் பார்த்துப் பதறிய ஆயிரம் பேரோடு சாலையில் நிற்க வேண்டிவரும்.

இன்னொரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. நிழல் பட்டையின் நடுவே ஓடும் மையக்கோட்டில்தான் மறைப்பு நீண்ட நேரம் நீடிக்கும். அதனால் எல்லோரும் அந்தக் கோட்டில் உள்ள ஊர்களுக்கே ஓடுகிறார்கள், விடுதி விலையும் அங்கேதான் ஏறுகிறது. ஆனால் நிழல் ஒரு வட்டம். கோட்டிலிருந்து விளிம்புக்குப் பாதி தூரம் தள்ளி நின்றாலும் நேரத்தில் 13 விழுக்காடுதான் குறையும். மையத்தில் நாலு நிமிடம் என்றால் அங்கே மூன்றரை நிமிடம் போலக் கிடைக்கும். விளிம்பை நெருங்கும்போதுதான் நேரம் மளமளவென்று சரிகிறது. முப்பது விநாடியை விட்டுக்கொடுத்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் தங்கினால், கூட்டமும் பாதி, செலவும் பாதி ஆகலாம். முதல்முறை பார்க்கப்போகிற குடும்பத்துக்கு இது நல்ல பேரம்.

எகிப்தா, ஆஸ்திரேலியாவா?

2026 ஆகஸ்ட் 12, 2027 ஆகஸ்ட் 2, 2028 ஜூலை 22 என்று மூன்று முழு கிரகணங்கள் ஆண்டுக்கு ஒன்றாக வருகின்றன. முதலாவது கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாக. நம் ஊர்க் குடும்பங்கள் யோசிக்கக்கூடியவை அடுத்த இரண்டும்தான்.

2027 கிரகணம் அட்லாண்டிக் கடலில் தொடங்கி, தெற்கு ஸ்பெயினைத் தொட்டு, வட ஆப்பிரிக்கக் கரையோரமாக வந்து, எகிப்தின் லக்சோர், சவூதியின் ஜெட்டா, மக்கா வழியாகப் போகிறது. லக்சோர் அருகே 6 நிமிடம் 23 விநாடி மறைப்பு. மேகம் வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. காகிதத்தில் இதற்கு இணையே இல்லை. ஆனால் ஆகஸ்ட் மாத லக்சோரில் வெயில் 40 பாகையைத் தாண்டும், கிரகணம் நடப்பது மதியம் ஒரு மணி வாக்கில். நைல் நதியோரம் நீளவாக்கில் அமைந்த ஊர்கள், இருபக்கமும் பாலைவனம், வெளியேறச் சில சாலைகளே. உலகத்தின் கிரகண ரசிகர்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தாக்கில் குவிவார்கள். வாலிபர் கூட்டம் துணிந்து போகலாம். பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போக நான் சொல்ல மாட்டேன். நம் மலாய் அண்டைவீட்டாரில் உம்ரா போக நினைப்பவர்கள் இந்தத் தேதியைப் பார்த்துவைத்துக்கொள்ளலாம். மக்காவிலேயே ஐந்து நிமிடம் போல மறைப்பு உண்டு.

2028 கிரகணத்துக்கு என் ஓட்டு. நிழல் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லியில் ஏறி, விண்டம், குனனுரா, டெனன்ட் கிரீக், பேர்ட்ஸ்வில், பர்க், டப்போ என்று கண்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சிட்னிக்கு வருகிறது. அப்புறம் நியூசிலாந்தின் டனீடின். சிட்னி நகரத்துக்கு 1857-க்குப் பிறகு இதுதான் முதல் முழு கிரகணம். சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிவாக்கில், ஏறக்குறைய மூன்றே முக்கால் நிமிடம். கோலாலம்பூரிலிருந்து எட்டு மணி நேர விமானம், நேர வித்தியாசம் இரண்டே மணி நேரம். சிட்னியில் உறவுக்காரர் இருக்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் கணிசம். தங்குமிடச் செலவு அங்கேயே பாதி குறையும்.

சிட்னியில் பார்ப்பதாக முடிவு செய்தால் காரே வேண்டாம். ஐம்பது லட்சம் பேர் வாழும் நகரம் ஏற்கனவே நிழலுக்குள் இருக்கிறது, ரயில் இருக்கிறது, நடந்துபோகிற தூரத்தில் ஒரு திடலைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஜூலை அங்கே குளிர்காலம். இரண்டு மணிக்கு சூரியன் வடக்கும் வடமேற்குமான பக்கத்தில், அடிவானத்திலிருந்து 30 பாகை போலத்தான் உயர்ந்திருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே நின்றால் சூரியன் சுவருக்குப் பின்னால் போய்விடும். முதல் நாளே அதே நேரத்துக்கு அந்த இடத்தில் போய் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சிட்னியின் பலவீனம் மேகம். கடலோர நகரம், குளிர்காலம், மேகம் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. மலைத்தொடருக்கு மேற்கே உள்நாடு பொதுவாக வறண்டது. டப்போ சாலை வழியாக 400 கிலோமீட்டர் போல. பிரச்சினை என்னவென்றால், சிட்னியிலிருந்து மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலைகளைக் கடக்க முக்கியமான சாலைகள் இரண்டுதான். சனிக்கிழமைக்கு மேகம் என்று வெள்ளிக்கிழமைச் செய்தியில் சொல்லிவிட்டால் சிட்னிக்காரர்களில் ஒரு பகுதி அந்த இரண்டு சாலைக்கும் வரும். அதனால் உள்நாடு வேண்டும் என்கிறவர்கள் வியாழக்கிழமையே டப்போவிலோ மட்ஜீயிலோ இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்ப வேண்டும். டப்போவுக்கு ரயிலும் உண்டு. கார் எடுத்தால் நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுகிற நாடு என்பது ஒரு வசதி. ஆனால் அந்தி சாயும் வேளையில் கங்காரு சாலையில் குதிக்கும். கிரகணம் முடிந்து கிளம்பினால் சரியாக அந்த நேரத்தில்தான் நடுவழியில் இருப்போம். அன்றிரவு அங்கேயே தங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

கிம்பர்லியும் டெனன்ட் கிரீக்கும் ஜூலையில் மழை இல்லாத வறண்ட காலத்தில் இருக்கும், வானம் பெரும்பாலும் தெளிவு. கிம்பர்லியில் மையக்கோட்டருகே 5 நிமிடத்துக்கு மேல் மறைப்பு. ஆனால் அவை எக்ஸ்மவுத் மாதிரி ஊர்கள். தங்குமிடம் விரல்விட்டு எண்ணலாம். கூடாரம் போட்டுத் தங்கப் பழகியவர்களுக்கு மட்டும்.

தங்குமிடம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2017-இல் ஓரிகன் மாநிலத்தில் சில விடுதிகள், வருடங்களுக்கு முன்பே மலிவாகப் பதிவு செய்தவர்களின் அறைகளை ரத்து செய்துவிட்டு அதே அறைகளை அதிக விலைக்கு விற்றன. மாநில நீதித்துறை தலையிட வேண்டிவந்தது. பதிவு செய்யும்போது தேதியையும் விலையையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்திக் கேட்பது, இரண்டாவது இடம் ஒன்றையும் யோசித்து வைப்பது நல்லது. பணத்துக்கு, மாதம் 200 வெள்ளி எடுத்து வைத்தால் இரண்டு வருடத்தில் 4,800 வெள்ளி. செம்பனை ஆலையில் வேலை செய்கிற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் தேதி நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த ஒரு நிகழ்ச்சிக்குச் சேமிப்பதில் இந்த ஒரு சௌகரியம் இருக்கிறது.

வீட்டில் வரும் பேச்சு

குடும்பத்தோடு போவதாக இருந்தால் டிக்கெட்டுக்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் பேச வேண்டிவரும். "கிரகணத்துல வெளிய தலை காட்டக் கூடாதுன்னு சொல்லி வளர்த்த வீடு இது, நீ காசு குடுத்துப் பார்க்கப் போறியா?" என்று பெரியம்மா கேட்பார். ராகு விழுங்குகிற நேரம், கோயில் நடை சாத்துகிற நேரம், சாப்பிடக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சி அறைக்குள் இருக்க வேண்டும், தட்டில் உலக்கையை நிறுத்திப் பார்ப்பது என்று தோட்டத்து லயங்களில் இருந்த வழக்கங்கள் எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அண்டைவீட்டு மலாய்க்காரர்கள் அதே நேரத்தில் கிரகணத் தொழுகைக்குப் போவார்கள்.

இந்தப் பேச்சைச் சிரித்து ஒதுக்குவது தவறு என்பது என் கருத்து. விரதம் இருந்து முடித்துக் குளித்துவிட்டுச் சாப்பிட நினைக்கிற அம்மாவுக்கு அதற்கான வசதியைத் திட்டத்தில் சேர்த்துவிடலாம். விடுதி பக்கத்தில் இருந்தால் அது சுலபம். கர்ப்பிணிகளுக்குக் கிரகணத்தால் தீங்கு எதுவும் இல்லை. கூட்டமும் வெயிலும் நீண்ட பயணமும்தான் அவர்களுக்குக் கஷ்டம். அந்தக் காரணத்தைச் சொல்லி மருத்துவரைக் கேட்டு முடிவெடுப்பது இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. பெரியவர்களின் பயத்தில் ஒரு பகுதி நியாயமானது: சூரியனைப் பார்த்தால் கண் போகும்.

அது உண்மையே. ஐஎஸ்ஓ 12312-2 தரச்சான்று உள்ள கிரகணக் கண்ணாடி இல்லாமல் பகுதி மறைப்பைப் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே படம், சிடி, கருப்புக் கண்ணாடி எதுவும் பாதுகாப்பில்லை. மஞ்சள் அல்லது சாணி கரைத்த தண்ணீரில் பிம்பம் பார்க்கிற பழைய முறையும் அப்படித்தான். பட்டறையில் கிடைக்கும் சாதாரண வெல்டிங் கண்ணாடி போதாது. 14-ஆம் எண் வேண்டும். முழு மறைப்பு நீடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். முதல் ஒளி கசிந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடி இல்லாத நேரத்தில் இலை நிழலைப் பார்க்கலாம். இலைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு துளையும் ஒரு பிறைச் சூரியனைத் தரையில் போடும்.

படம் எடுக்கிற வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம். மற்றவர்கள் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கட்டும். நல்ல படங்கள் அன்றிரவே இணையத்தில் ஆயிரக்கணக்கில் வந்துவிடும்.

தங்குமிடம், கழிப்பிடம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பின்னால் நம் வட்டாரத்தின் ஒரு வரலாறு இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தைச் சயாம் மன்னர் மோங்குட் தானே கணித்தார். வா கோ என்ற கடலோரக் காட்டில் பெரிய முகாம் கட்டி, பிரெஞ்சு வானியலாளர்களையும், சிங்கப்பூரிலிருந்து நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஆர்டையும் விருந்தினராக அழைத்தார். கணிப்பு பிசகவில்லை, முழு மறைப்பு ஆறரை நிமிடத்துக்கு மேல் நீடித்தது. ஆனால் அந்த இடம் சதுப்பு நிலம். மன்னருக்கும் மகன் சுலலோங்கோர்னுக்கும் மலேரியா கண்டது. மகன் பிழைத்தார். மன்னர் அக்டோபர் 1 அன்று இறந்தார். வானத்தைத் துல்லியமாகக் கணித்தவரைக் காலடி நிலம் வீழ்த்தியது. இடம் தேர்ந்தெடுக்கும்போது வானத்துக்குக் கொடுக்கும் கவனத்தைத் தரைக்கும் கொடுக்க வேண்டும்.

2028-ஐத் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. 2042 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை காலையில், நிழல் இந்தோனேசியாவில் ஏறி, போர்னியோவில் மலேசியா, புருணை வழியாகப் பிலிப்பீன்சுக்குப் போகிறது. 1995 அக்டோபர் 24-இல் சபாவின் சண்டாகானில் விழுந்த முழு நிழல், நம் நாட்டு மண்ணுக்கு மறுபடி வருகிற சந்தர்ப்பம் இது. இன்று தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது இருபது வயது தாண்டியிருக்கும். கடவுச்சீட்டு இல்லாமல் உள்நாட்டு விமானத்தில் போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்த வாரம் போர்னியோவுக்கான இருக்கைகளுக்கு உலகமே போட்டி போடும். விமான நிறுவனங்கள் வழக்கமாகப் பதினோரு, பன்னிரண்டு மாதத்துக்கு முன்புதான் டிக்கெட்டைத் திறக்கின்றன. ஆகவே 2041 ஏப்ரலிலேயே விழிப்பாக இருந்து, வெள்ளிக்கிழமை போய் செவ்வாய்க்கிழமை திரும்புவதாகப் பதிவு செய்கிறவர்களுக்குத்தான் நியாயமான விலை கிடைக்கும்.